ஹாட்பாக்ஸில் போன ஈரல்

2023 அக்டோபர் 22, துர்கா பூஜையின் அஷ்டமி. கொல்கத்தாவே தெருவில் இருந்த அந்தக் காலையில், முப்பத்தொரு வயது மிருதுளா பாலிகஞ்சின் ஓர் ஆய்வுக்கூடத்தில் தனியாக நின்று ஒரு நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்கள் வளரும் ஊட்டத் திரவம் செம்மஞ்சளாக இருக்க வேண்டும். அது ஊதாவாக மாறிக்கொண்டிருந்தது.

அதற்குள் இருந்தவை மனித ஈரலின் குட்டி மாதிரிகள். பரம்பரை ஈரல் நோய் உள்ள ஒரு குழந்தையின் தோல் செல்களை ஸ்டெம் செல்களாக மாற்றி, அவற்றை ஈரல் செல்களாக வளர்த்தெடுத்த உருண்டைகள். பெரியதே ரவை அளவுதான். குழந்தைக்குக் கொடுத்துப் பார்க்க முடியாத மருந்தை இவற்றின்மேல் விட்டுப் பார்க்கலாம். இவை செத்துப்போனால் மறுபடி வளர்க்க இரண்டு மாதம் ஆகும். மிருதுளாவின் ஃபெலோஷிப் நவம்பரோடு முடிகிறது.

காரணம் உடனே தெரிந்தது. செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டருக்குக் கார்பன் டை ஆக்சைடு தரும் சிலிண்டர் காலி. அந்த வாயு இல்லாவிட்டால் ஊட்டத் திரவத்தின் அமிலத்தன்மை குறைந்து நிறம் மாறும், செல்கள் சாகத் தொடங்கும். விடுமுறைக்கு முன் ஜூனியர் கௌஷிக் மீட்டரைப் பார்த்து "ஃபுல்" என்றிருந்தார். மிருதுளாவும் எட்டிப் பார்த்துத் தலையாட்டியிருந்தார். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கும் வாயு கொஞ்சம் மிச்சமிருக்கும்வரை மீட்டர் முள் அசையாது. பிறகு ஒரேயடியாக விழும். சிலிண்டரை எடை போட்டிருக்க வேண்டும். இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். பூஜை அவசரத்தில் முள்ளை நம்பிவிட்டார்கள். சிலிண்டர் கடை தசமி கழிந்துதான் திறக்கும்.

பவானிபூரில் வேறோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த தோழி மாதவியை அழைத்தார். "எங்க இன்குபேட்டர்ல இடம் இருக்கு, கொண்டு வா" என்றார் மாதவி. உடம்புச் சூடு குறையாமல் எதில் வைத்துக் கொண்டுபோவது? மிருதுளா இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு ஓடினார்.

"அந்த ஹாட்பாக்ஸ் எதுக்குடி? இட்லி வைக்கணும்" என்றார் அம்மா காமு.

"ஈரல் வைக்கணும்மா."

"ராமா! நம்மாத்து ஹாட்பாக்ஸ்லயா?"

"சமைக்கறதுக்கு இல்லேம்மா. உயிரோட இருக்கு. சாகாம கொண்டுபோகணும்."

காமு அடுப்பில் தண்ணீரை வைத்தார். பிறகு தானே வெந்நீரை விளாவி, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். "எடுத்துண்டு போ. ஆனா அது திரும்ப இந்தச் சமையலறைக்குள்ள வரப்படாது."

மிருதுளா ஃபோனில் அழைத்ததும் ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்த கௌஷிக், சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். உருண்டைகள் இருந்த தட்டுகளைக் காற்று புகாமல் சுற்றி, வெந்நீர் பாட்டிலோடு ஹாட்பாக்ஸுக்குள் வைத்தார்கள். பூஜைக் கூட்டத்துக்காகக் கரியாஹாட்டில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து காளிகாட் மெட்ரோவரை நடை. மூங்கில் தடுப்புகளுக்கு நடுவே கூட்டம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மிருதுளா பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

பேட்ஜ் குத்திய பூஜைப் பந்தல் தொண்டர் ஒருவர் வங்காளத்தில் கேட்டார்: "தீதி, பெட்டியில பிரசாதமா?"

"லிவர்" என்றார் கௌஷிக்.

தொண்டரின் முகத்தில் உண்மையான அக்கறை தெரிந்தது. "லிவரா? என்னோடதையும் கொஞ்சம் பாருங்க தீதி. நாலு நாளா எக் ரோல் தின்னு நாசமாப் போச்சு." சிரித்தபடியே அவர் பக்கத்துத் தடுப்பைத் தூக்கிவிட்டார். காலியாக இருந்த தொண்டர் பாதை காளிகாட் பக்கம் திறந்தது.

பவானிபூரில் மாதவி இன்குபேட்டர் அருகிலேயே காத்திருந்தார். திரவத்தை மாற்றினார்கள். மிருதுளா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். செத்த உருண்டை கறுத்து, ஓரம் உதிரும். இவை உருண்டையாக, ஓரம் தெளிவாக இருந்தன. உறுதியாகத் தெரிய மறுநாள்வரை பொறுக்க வேண்டியிருந்தது; இருவரும் இரவு அங்கேயே தங்கினார்கள். மறுநாள் எடுத்த திரவத்தில் அல்புமின் இருந்தது. ஈரல் செய்கிற புரதம் அது. உருண்டைகள் வேலை செய்துகொண்டிருந்தன.

மிருதுளா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கௌஷிக் அப்போதுதான் சட்டைப் பொத்தான்களைக் கவனித்துச் சரிசெய்தார்.

வீட்டிலிருந்து ஃபோன். "உயிரோட இருக்கா?" என்றார் காமு.

"எல்லாம் இருக்கும்மா."

"அப்பாடா. வரும்போது ஒரு புது ஹாட்பாக்ஸ் வாங்கிண்டு வா."

பழையது இப்போது ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. சிலிண்டரை எடை போட ஒரு தராசும் வந்துவிட்டது. அக்டோபர் 30, திங்கட்கிழமை காலை அந்த உருண்டைகளின்மேல் முதல் மருந்தை விடுகிறார்கள்.