அம்மா கேட்ட இன்னொரு டேக்

எங்கள் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாட்டைக் கேசட்டில் பதிவது உசத்தியா, கம்ப்யூட்டரில் பதிவது உசத்தியா என்பது. மற்றபடி ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

தங்கச் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்த நேரத்தில் மைக் செட் கட்டிப் பழகியவர் பெரியப்பா. சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரான கோரமண்டலில் அதுவே அவர் பிழைப்பாகிவிட்டது. ஒலியளவு காட்டும் ஊசி ஆடுகிற பெரிய டேப்ரெக்கார்டர் ஒன்று வைத்திருந்தார். சித்தப்பா தினமும் ரயிலேறி பெங்களூரில் வேலைக்குப் போய் வந்தவர். அவர் வாங்கிவந்த கம்ப்யூட்டர்தான் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனுக்கே முதல் கம்ப்யூட்டர்.

அந்த ஆடி மாதம், மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஸ்பீக்கரில் போட, அம்மா பாடின பாட்டு வேண்டுமென்று கோயில்காரர்கள் கேட்டார்கள். அம்மாவே கட்டின அம்மன் பாட்டு. அதுவரை சமையலறையிலும், கூழ் ஊற்றும் நாளில் பெண்கள் கூட்டத்திலும் மட்டும் பாடியது. நான்தான் பின்பாட்டு. எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு முன்னறையில் பதிவு. பெரியம்மா சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எங்கள் இருவரையும் அனுப்பிவிட்டாள். மாரிக்குப்பம் ரயில் போகும்வரை காத்திருந்து, பெரியப்பா டேப்பை ஓடவிட்டார். ஒரு கை லெவல் திருகில் இருக்க, அம்மா குரல் ஏறும்போது குறைத்தும் இறங்கும்போது கூட்டியும் கூடவே போனார். அம்மா அன்று வழக்கத்தைவிட நிதானமாகப் பாடினாள். கடைசி அடிக்கு முன்னால் டக்கென்று டேப் தீர்ந்துபோனது. பழைய கேசட்டில் மிச்சமிருந்த இடம் அவ்வளவுதான்.

"விடுண்ணா, நான் எடுக்கறேன்," என்றார் சித்தப்பா. அதற்காகவே காத்திருந்ததுபோல.

அவர் பதிவில் உச்சஸ்தாயி வந்ததும் குரல் கரகரவென்று உடைந்தது. டேப்பில் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டினாலும் குரல் கொஞ்சம் தடித்துக் கேட்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அந்தச் சலுகை தராது. "இன்னாப்பா, உன் மிஷினு தகரத்தைக் கிழிக்குது?" என்றார் பெரியப்பா. சித்தப்பா லெவலைக் குறைத்தார். இப்போது தாழ்ந்த வரிகள் கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சலில் அமுங்கிப்போயின. அண்ணனும் தம்பியும் மறுபடி வாக்குவாதத்தில் இறங்கினார்கள்.

அம்மா மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "லெவலை முன்ன இருந்தாப்பலயே வைங்க தம்பி. மேல போறப்ப நானே பின்னால தள்ளிக்கிறேன். கீழ வர்றப்ப கிட்ட வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் எதையும் தொடாதீங்க."

அப்படியே செய்தாள். உச்சத்துக்குப் போகையில் மெல்லப் பின்வாங்கி, முகத்தை லேசாகத் திருப்பி, இறங்கும்போது மைக்கின் காதில் ரகசியம் சொல்வதுபோல நெருங்கினாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை. பாட்டு முடிந்ததும் பெரியப்பா ஹெட்போனைக் கழற்றி, "சுத்தமா வந்திருக்குது," என்றார். அவர் வாயால் கம்ப்யூட்டருக்கு அது பெரிய பட்டம்.

நான் எழுந்துவிட்டேன். வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது.

"மூணாவது அடியில தப்பு பண்ணிட்டேன்," என்றாள் அம்மா. "அழிச்சிட்டு இன்னொரு வாட்டி எடுக்கலாமா தம்பி?"

"எத்தினி வாட்டி வேணா எடுக்கலாம் அண்ணி. இதுல டேப்பே கிடையாதே," என்றார் சித்தப்பா பெருமையாக.

பாடினோம். இந்தத் தடவை மூச்சு சரியில்லை என்றாள். அடுத்த தடவை தாளம் தப்பிப்போச்சு என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "தப்பே வரலியேம்மா," என்றேன். "உனுக்கு இன்னா தெரியும், கம்முனு பாடு," என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபமே இல்லாதது விசித்திரமாக இருந்தது.

பெரியப்பா தன் கட்சியை நிலைநாட்டிவிட்டார். "பாத்தியா? கேசட்டுன்னா ஒரே மூச்சுல பாடியிருப்பா. அழிக்கலாம்னு தெரிஞ்சா யாருக்கும் கவனம் இருக்காது." நானும் பெரியப்பா பக்கம் சாய்ந்தேன்.

பொழுது சாயும்வரை பாடினாள். திருவிழா அன்று அந்தப் பாட்டு பக்கத்து பாலகாட் லைன் வரைக்கும் கேட்டது. எந்தத் தடவை பாடியதைச் சித்தப்பா கொடுத்தார் என்று தெரியாது. எதைக் கொடுத்திருந்தாலும் அவ்வளவு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

இன்று பெங்களூரில் குரல் பதிவு செய்வதுதான் என் தொழில். டேப்பா, டிஜிட்டலா என்று என்னைக் கேட்பவர்களிடம், பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று முதலில் பாருங்கள் என்பேன். அதை அம்மாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால், அன்று அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. பின்பாட்டுக்காரிக்கு அது நன்றாகவே தெரியும். அடுப்பு வேறொருத்தி கையில் இருக்க, இரண்டு ஆண்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்க, கூப்பிட யாருமில்லாத ஒரு மத்தியானம் அவளுக்கு வாய்த்திருந்தது. அதை முடிக்க அவளுக்கு மனமில்லை. எனக்கோ வெளியே ஓட வேண்டும். என் காது சொன்னதை விட்டுவிட்டு, பெரியப்பா சொன்னபடி அம்மாவுக்குக் கவனமில்லை என்றே நினைத்துக்கொண்டு, பக்கத்தில் முகத்தைத் தூக்கிவைத்து நின்றேன்.