ஆற்றுக்கு அந்தப் பக்கம்

சன்னல் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு அக்கரையைப் பார்க்கிறார். "இன்னொரு மாடி ஏத்திட்டானுங்க, பாருங்க" என்கிறார். இவர் வீட்டுச் செங்கல்லைத் திருடிக் கட்டிவிட்ட மாதிரி ஒரு முகம். எதிர்க்கரையில் இருப்பதும் அரசுப் பல்கலைக்கழகம்தான். அதே அரசு, அதே கட்டணம், ஏறக்குறைய அதே பாடம். அங்கே இடம் கிடைக்காமல் பிள்ளைகள் திரும்புகிறார்கள். இங்கே பெஞ்சுகள் காற்று வாங்குகின்றன.

இவர் இந்தக் கரைப் பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவு இயக்குநர். பழைய மாணவர்களிடம் பணம் திரட்டுவது வேலை. அலுவலகத்தில் இவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'அந்தப் பக்கம்'. வாயைத் திறந்தால் அதுதானே வருகிறது.

காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. "அந்தப் பக்கம் மரம் ஜாஸ்தி சார். நிழல்ல நின்னா மனுஷனுக்குக் குடுக்கற மனசு வரும்." இன்னொரு நாள், "அவங்க பேரு சின்னது. காசோலையில எழுத சுலபம். நம்ம பேரை எழுதி முடிக்கறதுக்குள்ள மனசு மாறிடும்." இவற்றை வண்ண வண்ண வட்டப்படங்களாக்கி ஆண்டுதோறும் அறிக்கை தருகிறார். சொந்த அக்கா மகளே அக்கரையில்தான் சேர்ந்திருக்கிறாள். "உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிப் பண்ணி விரல் தேஞ்சதுதான் மிச்சம், மாமா" என்றாளாம். அறிக்கையில் அதற்கு வட்டம் கிடையாது.

இந்த முறை விளையாட்டில்லை. இந்த ஆண்டும் பெரிய நன்கொடை ஒன்றாவது வராவிட்டால் இரண்டு பல்கலைக்கழகங்களையும் ஒன்றாக்கிவிடுவார்கள் என்று துணைவேந்தர் சொல்லிவிட்டார். "அந்தப் பக்கத்துக்காரனுக்கு நான் ஃபைல் தூக்கணும் சார்" என்றபோது இவர் குரல் உடைந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

நான் இவரைப் பார்க்கப் போயிருந்த அன்று, 'பழைய மாணவர்கள் ஏன் நம்மைத் தேடி வருவதில்லை' என்று மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கழுத்தில் வாசலில் கொடுத்த பார்வையாளர் அட்டையோடு, கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். இங்கே இயற்பியல் படித்தவராம், இப்போது குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலை வைத்திருக்கிறாராம்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "உக்காருங்க" என்றார் இயக்குநர்.

"என் பையன் அந்தப் பக்கம் படிச்சான். அங்கேர்ந்து என் பிறந்தநாளுக்குக்கூட ஒரு பொண்ணு கூப்பிட்டு வாழ்த்துது. நான் படிச்ச இடத்துலேர்ந்து ஒரு தடவகூட..."

இயக்குநர் நிமிர்ந்தார். "கூப்பிடறதுக்கு என்ன சாஃப்ட்வேர் வச்சிருக்காங்க?"

"தெரியலீங்க. அந்தப் பொண்ணு நல்லாப் பேசும்." பெரியவர் சிரித்தார். "நம்ம இடத்துக்கும் ஏதாவது செய்யலாம்னு வந்தேன். அதுக்கு முன்னாடி எங்க பழைய லேபை ஒரு தடவ பாத்துக்கட்டுமா?"

"அதுக்குப் பதிவாளர் அனுமதி வேணும். மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, அடுத்த வாரம் பாக்கலாம்."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சரிங்க" என்று எழுந்து போய்விட்டார். இயக்குநரோ அந்த சாஃப்ட்வேர் விஷயத்தை அறிக்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், பெரிய கை சார் அது! கிளம்பிப் போறார், ஓடிப்போய்ப் பிடிங்க!"

"ஐயையோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். படிகளில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பெரியவர் கார்க் கதவைத் திறந்துவிட்டிருந்தார். இவர் மூச்சிரைக்கப் போய் அவர் தோளைத் தொட்டார். பெரியவர் திரும்பினார், முகம் மலர்ந்தது.

அவர் கழுத்தில் தொங்கிய பார்வையாளர் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு இவர் திரும்பி நடந்தார்.