அப்பாவை மறித்த முள்வேலி

அப்பா பரமபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஆகவே அவர் வாய்விட்டுச் சிரித்துச் சொல்லும் கதையையே இந்த நினைவு மலரில் வைக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, நாளுக்கொரு வீட்டில் சாப்பிட்டுப் படித்தவர் அப்பா. சுகாதார இன்ஸ்பெக்டர் உத்தியோகம் கிடைத்ததும், தூங்கும்போதுகூடக் காக்கித் தொப்பியைக் கழற்ற மாட்டார் என்று அம்மா கேலி செய்வார்.

ஒரு கோடையில் உப்பிலியபுரம் பக்கம் வாந்திபேதி பரவியது. அப்பா ஊசி மருந்துடன் பச்சைமலை ஏறினார். மலையூருக்குப் போகும் பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். கீழேயிருந்து யார் வந்தாலும், சொந்த மாப்பிள்ளையே ஆனாலும், வெளியே ஒரு குடிசையில் ஐந்து நாள் தங்க வேண்டும். மலைமக்கள் தாங்களே கூடிப் பேசி வைத்த கட்டுப்பாடு அது. காவலிருந்தவர் வெள்ளையம்மாள் என்ற அவ்வூர்ப் பெண்மணி. அப்பா சர்க்கார் உத்தரவை நீட்டினார்.

"காயிதத்துக்குப் பேதி வராதுங்க. உங்களுக்கு வரும். அந்தக் குடிசையில இருங்க."

மடி, ஆசாரம் என்று ஊரையே எட்டி நிற்கச் சொல்லும் தெருவிலிருந்து போனவரை எட்டி நிற்கச் சொன்னார்கள். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். மறுநாளே அவருக்கும் வாந்திபேதி கண்டது. ஊருக்கெல்லாம் போட்ட ஊசியைத் தாம் போட்டுக்கொள்ள நேரமில்லை என்று தள்ளிப்போட்டிருந்தார்.

வெள்ளையம்மாள் வேலியைத் தாண்டி வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அதே நோயில் கணவரைப் பறிகொடுத்தவர். இரண்டு குழந்தைகள் ஊருக்குள் இருந்தார்கள். உப்புப் போட்ட சாமைக்கஞ்சியையும் கொதித்தாறிய நீரையும் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். அப்பா தேறிய பிறகும், வெள்ளையம்மாள் கட்டுப்பாட்டை மீறாமல், ஐந்து நாள் வெளியிலேயே இருந்தார். குழந்தைகள் வேலிக்கு அப்பால் நின்று அம்மாவோடு பேசிவிட்டுப் போவார்களாம்.

பிறகு ஊர் கூடி ஊசிக்குச் சம்மதித்தது. முதலில் கையை நீட்டியவரும் வெள்ளையம்மாளே. அவ்வூரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. "அன்னிக்கு என்னை உள்ளே விட்டிருந்தா..." என்று அப்பா நிறுத்திவிடுவார்.

மலையில் கஞ்சி குடித்ததற்குப் பிராயச்சித்தம் பண்ணிக்கொள்ளும்படி தெருவில் சிலர் சொன்னார்கள்.

"பண்ணிக்கறேன். இன்னொரு தரம் போய்க் குடிச்சுட்டு வந்து, ரெண்டுக்கும் சேர்த்துப் பண்ணிக்கறேன்" என்றார் அப்பா. கடைசி வாரத்தில் அவர் ஆசையாகக் கேட்டதும் சாமைக்கஞ்சிதான்.

அப்பாவின் கடைசி நோயில் உடனிருந்த வைத்தியருக்கும், அண்டை வீட்டாருக்கும், உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி. ஒருவருக்கு மட்டும் அம்மாவே நன்றி சொல்லிவிட்டார். அப்பா போன பதின்மூன்றாம் நாள் வெள்ளையம்மாள் பஸ் பிடித்து வந்து எங்கள் வாசலோடு நின்றார்.

"நானும் அஞ்சு நாள் வெளியில இருக்கணுங்களா?"

பன்னிரண்டு நாளாக அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். "நீங்க நேரா உள்ளே வாங்கோ" என்று கையைப் பிடித்து அழைத்துவந்து, முதல் இலையில் உட்கார வைத்தார்.