பஸ் ஓட்டிப் படமெடுத்தவர்

அந்த ஸ்காட்லாந்துப் பெண்மணி முதன்முதலில் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, ஏதோ கப்பல் கேப்டனின் மனைவி வழிதவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தூத்துக்குடி வெயிலில் மூக்கு, வேகவைத்த இறால் நிறத்துக்கு வந்திருந்தது.

துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவரிடம் நான் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்திருந்த தன் பெட்டி ஒன்றை எடுத்துத் தர வேண்டும் என்று அந்தப் பெண்மணி கேட்டார். இது எனக்குப் புரியவே கால் மணி நேரம் ஆயிற்று. பக்கத்து நாசரேத்தில் மிஷன் பள்ளியில் படித்தவள் நான், இங்கிலீஷுக்குப் பரிசு வாங்கியவள். ஆனால் நான் படித்த இங்கிலீஷும் அவர் பேசியதும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. கடைசியில் ஒரு தாளை நீட்டினேன். எழுதிக் காட்டினார். எழுத்தில் அவர் சுத்தமான இங்கிலீஷ்காரர். அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெட்டியில் இருந்தது, தண்ணீருக்கடியில் கேமராவை மூடிப் பாதுகாக்கும் கூடு. சங்கு குளிப்பவர்களைப் பற்றிப் படமெடுக்க வந்திருந்தார். படிவத்தை நிரப்ப, "உங்கள் கம்பெனி?" என்று கேட்டேன். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "கூட வேலை செய்பவர்கள்?" மறுபடியும் நெஞ்சு.

பெட்டி கைக்கு வர நான்கு நாள் ஆயிற்று. நான்கு நாளும் எங்கள் அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டு தன் சரித்திரத்தைச் சொன்னார். எனக்கும் காது பழகிவிட்டது. இருபத்தைந்து வருடத்தில் ஆறு படங்கள். முதல் படம் முழுக்க, அவருடைய அம்மா உருளைக்கிழங்கு உரித்தபடி அக்கம்பக்கத்தாரைத் திட்டுவதுதான். தங்களைப் பற்றி என்ன வருகிறது என்று பார்க்க அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் திரண்டு வர, ஊர்க்கூடம் நிறைந்துவிட்டதாம். இன்னொரு படம், ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் ஒருவரைப் பற்றியது. ஒருமுறை டி.வி.யில் துப்பறியும் தொடர் இயக்கக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு நாற்காலியை நகர்த்த ஐந்து பேரைக் கேட்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் தானே நகர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். குளிர்காலம் முழுக்கத் தன் ஊரில் பஸ் ஓட்டுவார், மற்ற மாதங்களில் படமெடுப்பார். எடுத்ததைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகக் காட்டுவார். இப்படி மாற்று, அப்படி மாற்று என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. சொல்ல ஆளே கிடையாது.

அவர் பேச்சு புரியும் ஒரே ஆள் ஊரில் நான்தான் என்பதால் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். லீவு போட்டேன்.

ஊரின் மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும் ஓர் அண்ணன் நடிக்கச் சம்மதித்தார். 'நடிக்க' என்பது அவர் சொல். முதல் நாள் புதுச் சட்டை, முகத்தில் பவுடர், கூலிங்கிளாஸோடு படகருகில் நின்றார்.

"யக்கா, நாந்தான ஹீரோ?"

"ஹீரோவெல்லாம் கிடையாதாம். தினமும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருக்கச் சொல்றாங்க."

"தெனமும் இருக்காப்புல இருந்தா அத எவன் பாப்பான்? இவுக படமெடுக்கது போக வேற என்ன வேல பாக்காக?"

"பஸ் ஓட்டுறாங்க."

அண்ணன் கூலிங்கிளாஸைக் கழற்றினார். "ஹெவி லைசென்ஸா!" என்றவர், உடனே போய்ப் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

மொழிபெயர்க்கப் போன என் கையில், நீளக் குச்சியின் நுனியில் மைக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டார் ஸ்காட்லாந்துக்காரர். படகு கரையைத் தாண்டியதும் எனக்குக் குமட்டத் தொடங்கியது. கடற்கரை ஊரில் இத்தனை வருடம் குடியிருந்தும் மூன்று முறை வாந்தி எடுத்தேன். நல்ல மைக், ஒன்று விடாமல் பதிவாகிவிட்டது. அண்ணன் குதிக்கும்போதெல்லாம் அவரும் கேமராவோடு குதித்தார்.

ஐந்து வாரத்தில் படத்தைக் கோத்துவிட்டார். கிளம்புவதற்கு முன், திரேஸ்புரத்திலேயே ஒரு கூடத்தில் சாயங்காலம் திரை கட்டிக் காட்டினார். புருஷன் பவுடர் போட்ட கதையைக் கேள்விப்பட்டிருந்த அண்ணனின் மனைவி சிரிக்கத் தயாராக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் அண்ணன் கடலுக்கடியில் போனார். மூச்சை அடக்கிக்கொண்டு மணலைத் துழாவினார். ஒரு சங்கு. நகர்ந்தார், மறுபடியும் துழாவினார். மேலே வருகிற வழியாக இல்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். புருஷன் கீழே என்ன செய்கிறார் என்பதை அந்த அம்மா கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சட்டென்று எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தினார். "ஏங்க, போதும், மேல வாங்க! வீட்ல ரெண்டு நிமிசம் வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியாத மனுசன், அங்கன போயி இம்புட்டு நேரம் மூச்சப் புடிச்சிக்கிட்டுக் கெடக்காரே!"

கூடமே சிரித்தது. அந்த அம்மா கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பக்கத்திலிருந்த அண்ணன் அவர் சேலை நுனியைப் பிடித்து இழுத்தார். "ஏளா, உக்காரு. நான் மேல வந்துட்டேம்லா. இங்கனதான இருக்கேன்."

நான் ஸ்காட்லாந்துக்காரர் காதில் மொழிபெயர்த்தேன். காட்சிக்கு மேல் பின்னணிக் குரலாக யாரும் பேசக் கூடாது என்பது அவர் படங்களில் இருபத்தைந்து வருடச் சட்டம். இருந்தும், "படம் இன்னும் முடியவில்லை" என்றார். விமான டிக்கெட்டை மாற்றினார்.

என் அறையில் ஃபேனை நிறுத்தி, எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் சேலைகளைத் தொங்கவிட்டு, அந்த அம்மாவைப் பேசச் சொன்னோம். "அன்னைக்கு வந்தது இன்னைக்குச் சொன்னா வருமா?" என்றார். லேப்டாப்பில் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினோம். வந்தது, முன்னைவிடக் கோபமாக. அந்தக் குரல் முழுவதும் கடலடிக் காட்சியின் மேல் ஏறியது.

ஸ்காட்லாந்துக்காரர் ஊர் திரும்பியதும் அங்கே படம் வெளியானது; அவருடைய படம் சரியான தியேட்டரில் ஓடியது அதுதான் முதல் தடவை. மூன்று வாரம் ஓடியதாம். இந்த முறை எழுதாமல், போனில் குரல் பதிவாகவே எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சொல்ல நான் திரேஸ்புரம் போனபோது அந்த அம்மா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் பேசுத எடத்துல அழுதாங்களாமா?"

"சிரிச்சாங்களாம். திரையில கீழ இங்கிலீஷ் எழுத்து வர்றதுக்கு முன்னாடியே சிரிச்சிட்டாங்களாம்."

"நான் உசிரு போற மாதிரி கத்துதேன், அவுகளுக்குச் சிரிப்பா இருக்கா?" முகம் சுருங்கிவிட்டது. மீனை அழுத்தித் தேய்த்தார். பிறகு கேட்டார்: "பெறவு?"

"பிறகு படம் முடிஞ்சும் யாரும் எழுந்திரிக்கலையாம்."

"அது சரி," என்றவர், "சாப்பிட்டுட்டுப் போங்கக்கா, இந்தா, கொழம்பு ஆயிரும்" என்று சட்டியோடு உள்ளே போனார்.