பதிவு ஒன்று, வருகை ஒன்று

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டிச் சொல்ல மாட்டேன். இரங்கல் என்பதற்காக நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்கவும் மாட்டேன். எஸ்தர் டீச்சரை உங்களில் பலருக்குத் தெரியும். அவருடன் தினமும் பேருந்தில் வந்தவர்கள், பயிற்சிக் கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், வேறு பள்ளிகளில் அவரிடம் படித்தவர்கள் இதை வாசிப்பீர்கள். ஆனால் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் அவர் ஐந்தாம் வகுப்பு நடத்திய ஆண்டில் அந்த அறையில் இருந்தது இரண்டே பேர், அவரும் நானும். இனி நான் பிழையாக எழுதினால் திருத்துவதற்கு ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு கவனம்.

செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அம்மா பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டு, வேலை முடிந்து வேனில் ஏறும்போதுதான் திரும்ப வாங்குவார்கள். எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் காலையிலேயே அனுப்பியிருந்த செய்தியை அம்மா சாயங்காலம் வேனில்தான் கேட்டாள், பக்கத்தில் இருந்த அக்கா வாசித்துக் காட்டினாராம். வீட்டுக்கு வந்ததும் கை கழுவாமல் அம்மா எங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டாள். அன்றைக்குக் கையில் அலுமினியப் பொடி மினுமினுக்க வாசலிலேயே நின்று, “ஏ புள்ள, ஒங்க எஸ்தர் டீச்சர் போயிட்டாகளாம். தலையில ரத்தக் கொளாய் வெடிச்சிருச்சாம்” என்றாள். அன்று முழுவதும் நான் இப்போது படிக்கும் பள்ளியில் சிரித்திருக்கிறேன், கபடி பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும் டீச்சர் ஒரு பகல் கூடுதலாக உயிரோடு இருந்திருக்கிறார்.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் அங்கிருந்து இரண்டு வேன்கள் கிளம்பும். ஒன்று அம்மாக்களைக் கம்பெனிக்கு ஏற்றிப்போகும். மற்றது பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு ஏற்றிப்போகும். என்னோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு ஒருவர் இருவராக இரண்டாவது வேனில் ஏறிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது நான் மட்டும் மிஞ்சியிருந்தேன். சின்ன வகுப்புகள் எல்லாவற்றையும் தலைமையாசிரியர் பெரிய அறையில் சேர்த்து வைத்துக்கொண்டார். சின்ன அறை எனக்கு. அந்த அறைக்குத்தான் எஸ்தர் டீச்சர் மாறுதலில் வந்தார்.

முதல் நாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய வகுப்பைக் கூப்பிடுகிற சத்தத்தில், “பொன்மாரி” என்றார். நான் எழுந்து “உள்ளேன் டீச்சர்” என்றேன். அடுத்த பெயர் இல்லை. “இம்புட்டுத்தானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கரும்பலகையின் ஓரத்தில் பெயின்டால் எழுதியிருந்த ‘பதிவு’, ‘வருகை’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒன்று என்று போட்டார். பிறகு திரும்பி, “சமூக அறிவியல் பொஸ்தகத்த எடு. சமூகம்னா கொறஞ்சது ரெண்டு பேரு வேணும். நீ ஒண்ணு, நான் ஒண்ணு. ஆரம்பிக்கலாம்” என்றார்.

ஒரே ஆள் படிக்கிற வகுப்பில் தப்பிக்க வழியில்லை. “யாருக்கெல்லாம் தெரியும்? கையத் தூக்குங்க” என்று பன்மையில்தான் கேட்பார். நான் தூக்குவேன். காலியான பெஞ்சுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “ம்... பொன்மாரி, நீ சொல்லு” என்பார். எனக்குச் சிரிப்பு வரும், அவருக்கு வராது. அவருக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பதையும் எழுத வேண்டும். என் நோட்டைத் திருத்தும்போது, “ஊருல ஏழாயிரம் பண்ணை, ஒன் நோட்டுல ஏழாயிரம் பிழை” என்று சொல்லி மேசைமேல் போடுவார். அது விழுகிற சத்தம் காலி அறையில் பெரிதாகக் கேட்கும்.

திசைகள் பாடம் நடத்திய அன்று அவருக்கு வந்ததுதான் பெரிய கோபம். விருதுநகர் மாவட்டப் படத்தைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, “மேல வடக்கு, கீழ தெக்கு. சொல்லு” என்றார். நான் சொல்லவில்லை. “மேலன்னா மேக்கு டீச்சர்” என்றேன். எங்கள் வீடு மேலத்தெருவில் இருக்கிறது. பொழுது அடைவது அந்தப் பக்கம்தான். கீழத்தெரு கிழக்கே இருக்கிறது. இதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டீச்சர் மறுபடி குச்சியால் படத்தின் உச்சியைத் தட்டினார். நான் மறுபடி மேற்கு என்றேன். “படம் போட்டவனவிட ஒனக்குத் தெரியுமோ?” என்று கேட்டு, மதியம் வரை என்னை நிற்கவைத்தார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் நான் தட்டோடு வராந்தாவில் உட்கார்ந்தேன். டீச்சர் சாப்பிடவில்லை. வெயிலில் பள்ளி வாசலில் நின்று, நெற்றியில் கை வைத்து, மேலத்தெருவையும் கீழத்தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். “எந்திரி, பெஞ்ச அங்கிட்டு நகத்து” என்றார். இருவரும் சேர்ந்து படத்தைத் தரையில் விரித்தோம். வடக்கு என்று அச்சடித்திருந்த விளிம்பு நிஜமான வடக்கைப் பார்க்கும்வரை என்னையே திருப்பச் சொன்னார். எங்கள் ஊர் அந்தப் படத்தில் இல்லை. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸ் துண்டை வைத்து, “இதான் நீ” என்றார். இன்னொரு துண்டை விருதுநகரில் வைத்து, “இதான் நான்” என்றார். பிறகு ஒவ்வொரு ஊராகக் கேட்டார். சிவகாசி எங்கே என்றதும் வாசல் பக்கம் கையை நீட்டினேன். படத்திலும் அது அந்தப் பக்கமே இருந்தது. இருக்கன்குடிக்குக் கிழக்கே நீட்டினேன். அதுவும் சரியாக இருந்தது. மேலத்தெரு இருக்கிற பக்கம் படத்தின் இடது ஓரம் வந்தது, அதில் மேற்கு என்றே போட்டிருந்தது.

“சுவத்துல தொங்குற வரைக்கும் அது படம். தரையில எறக்குனாத்தான் ஊரு” என்று டீச்சர் சொன்னார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது. நிற்கவைத்ததற்கு வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. ஆனால் அதன் பிறகு எந்தப் படத்தையும் அவர் முதலில் ஆணியில் மாட்டியதில்லை.

கிராம சபை பாடத்துக்கு இரண்டு பேர் போதவில்லை. என்னைத் தலைவியாக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் ஊர்ச்சனமாக எதிரே நின்றார். ஒரு பெஞ்சிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட்டார். அடுத்த பெஞ்சுக்குப் போய் வேறு குரலில் தெருவிளக்கு எரியவில்லை என்று சண்டை போட்டார். உண்மையான சண்டை என்று நினைத்துத் தலைமையாசிரியர் வாசலுக்கே வந்துவிட்டார். கூட்டத்துக்கு ஆள் போதாது என்று டீச்சர் அவரிடமே ஒன்றாம் வகுப்பைக் கடன் கேட்டார். குட்டிப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஊருக்கு என்ன வேண்டும், கையைத் தூக்கிச் சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். ஒரு சின்னப் பெண் தூக்கினாள். “எனக்கு ஒண்ணுக்கு வருது” என்றாள். டீச்சர் முகத்தை மாற்றாமல், “தீர்மானம் நிறைவேறியது. கூட்டிட்டுப் போங்க தலைவி” என்றார். அந்த ஆண்டில் அந்த அறை நிறைந்திருந்தது அன்று ஒரு நாள்தான். பிள்ளைகள் திரும்பிப் போன பிறகு டீச்சர் பெஞ்சுகளைத் துடைத்தார். அவை ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தன.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து வராமல் இருந்தேன். திரும்பி வந்தபோது பலகையில் வருகைக்கு நேரே பூஜ்யம் அழிக்காமல் இருந்தது. நான் வராத அன்று என்ன பாடம் நடத்தினீர்கள் என்று கேட்டேன். இப்போது நினைத்தால் அசட்டுக் கேள்விதான். டீச்சர் கோபப்படவில்லை. “காலையில ஒம் பேரக் கூப்பிட்டேன். பழக்கம். பதில் வரல” என்றார். “பெறகு பெரிய ரூம்ல புள்ளைக கத்துறதக் கேட்டுட்டே உக்காந்திருந்தேன். புள்ள இல்லாத வகுப்புல டீச்சருக்கு என்ன பேரு, சொல்லு” என்றார். யாருக்குத் தெரியும் என்று அவர் அன்று வகுப்பைப் பார்த்துக் கேட்கவில்லை.

நான் ஆறாம் வகுப்புக்கு ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். அதன் பிறகு சின்ன அறையில் வகுப்பு நடக்கவில்லை. டீச்சருக்கு விருதுநகரை ஒட்டிய சூலக்கரைப் பக்கம் வேலை போட்டார்கள். கடைசியாக அவரைச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில் என்னை நிறுத்தி, நலம் விசாரிக்காமல், “மேல எது?” என்று கேட்டார். மேற்கே கை காட்டினேன். பிறகு வடக்கே காட்டினேன். தலையாட்டிக்கொண்டார். இப்போது வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன். பெஞ்ச் கொள்ளாத பிள்ளைகள், பெயரே மனதில் நிற்கவில்லை என்றார். “ஒருத்தியா இருந்தப்ப சொகமா இருந்துச்சு” என்றார். பேருந்து வந்துவிட்டது. படியில் கால் வைத்தபிறகு திரும்பி, “சொகமா இல்ல. சும்மா சொன்னேன்” என்றார்.

இரங்கல் கூட்டத்தை எங்கள் பழைய பள்ளியிலேயே வைத்தார்கள். பெரிய அறையில் சத்துணவு மூட்டைகள் இறங்கியிருந்ததால் கூட்டம் சின்ன அறையில் நடந்தது. டீச்சரின் படத்துக்கு மாலை போட்டு மாட்டியிருந்தார்கள். மாவட்டப் படம் தொங்கிய அதே ஆணி. விருதுநகரிலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார், முன்வரிசையில் அழாமல் உட்கார்ந்திருந்தார். பேசியவர்கள் எல்லோரும் டீச்சர் அதிர்ந்து பேசாதவர், கோபமே அறியாதவர், எப்போதும் புன்னகை மாறாதவர் என்றார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் கேட்கக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. யாரோ ஒரு டீச்சருக்கு நாங்கள் அஞ்சலி செலுத்துவதுபோலவும், என் டீச்சர் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருப்பதுபோலவும் தோன்றியது. நானும் அப்படியே பேசிவிட்டால் அந்த அறையில் நடந்தது நடக்காமலே போய்விடும்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். எழுந்து நின்று, “டீச்சருக்கு ரொம்பக் கோபம் வரும்” என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். டீச்சரின் அக்கா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

“வரும். எங்கிட்டதான் ரொம்ப வரும்” என்றார். “நீ சொல்லும்மா.”

நான் படத்தைத் தரையில் விரித்த கதையைச் சொன்னேன். மேலே என்றால் மேற்கு என்று நான் அடம்பிடித்த இடத்தில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடியும் முன்பே அழுதுவிட்டார். “மேலத்தெருப் புள்ள ஒண்ணு இருக்கு, அது என்னையே வெயில்ல நிக்க வச்சிருச்சுன்னு வந்து சொன்னா. நீதானா அது? பேரச் சொல்லல அவ” என்றார். அப்படியானால் அந்த அறையில் நடந்தது வெளியே இன்னொருவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. என் பெயர் இல்லாமல் தெரிந்திருக்கிறது என்பது கொஞ்சம் வலிக்கவும் செய்தது. இரண்டையும் எழுதுகிறேன்.

டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பவை இவைதான். புது இடத்துக்குப் போனால் பொழுது எந்தப் பக்கம் அடையும் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். இப்போது என் ஒன்பதாம் வகுப்பில் சுவரில் படம் மாட்டினால் மனதுக்குள் அதைக் கழற்றித் தரையில் விரித்துத் திருப்பிக்கொள்வேன். நெரிசலான அந்த வகுப்பில், யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நாட்களில், சமூகத்துக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்பது நினைவுக்கு வரும். பக்கத்தில் இருப்பவளிடம் ஏதாவது கேட்பேன். அவள் பதில் சொல்லாத நாட்களும் உண்டு.

கூட்டம் முடிந்து எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். அக்கா படத்தை ஆணியிலிருந்து கழற்றி, பையை எடுத்து வரும்வரை பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பக்கத்தில் பார்த்தால் டீச்சர் அதில் புன்னகைக்கவில்லை. படம் எடுத்தவர் தாமதம் செய்ததால் எரிச்சலோடு இருந்ததுபோல இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்கா வந்து வாங்கிக்கொண்டு போனார். பலகையின் ஓரத்தில் பதிவு, வருகை என்ற சொற்கள் பெயின்டில் அப்படியே இருந்தன. எதிரே எண்கள் இல்லை. விளிம்பில் ஒரு சாக்பீஸ் துண்டு கிடந்தது. எடுத்தேன். என்ன எண் போடுவது என்று தெரியவில்லை.

பூட்ட வந்த தலைமையாசிரியர் சுவிட்ச்மேல் கை வைத்து, “பொன்மாரி” என்று கூப்பிட்டார்.

“உள்ளேன் டீச்சர்” என்றேன்.

‘சார்’ என்று அவர் திருத்தவில்லை. நான் சாக்பீஸை விளிம்பில் வைத்துவிட்டு வெளியே வரும்வரை காத்திருந்தார். பிறகு விளக்கை அணைத்தார்.