ஈரச் சுவரில் ஒரு கை

எதிர் வீட்டைப் புதிதாக வாங்கிய இளம் தம்பதி, ஆள் வைக்காமல் செல்போனைப் பார்த்துப் பார்த்துத் தாங்களே மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பால் வாங்கித் திரும்பிய நான் மதிலருகே நின்றுவிட்டேன். இன்னும் வாடகை வீட்டில் இருப்பவள் நான். அந்தச் சுண்ணாம்பு நெடியில் என் பழைய வயிற்றெரிச்சல் அப்படியே திரும்பி வந்தது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த, என் தோழி ரோசியின் அப்பா, எங்கள் தெருவிலேயே சொந்த வீடு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து குடும்பமே வெள்ளையடித்தது. டிரம்மில் சுண்ணாம்பு கொதித்தது. ரோசி தலையில் துண்டு கட்டிக்கொண்டு நார் மட்டையால் சுவரில் சுண்ணாம்பு அடித்தாள். நானும் ஒரு இழுப்பு இழுக்கிறேன் என்றேன்.

"இது எங்க வூடு. நீ உங்க வூட்டுல போய் அடி."

எங்கள் வீட்டில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அவர்கள் சாப்பிடப் போனதும் ஈரச் சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. சுண்ணாம்பு காய்ந்தால்தான் வெளுக்கும் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பளீரென்ற வெள்ளையில் ஐந்து விரலும் அழுக்காகத் தெரிந்தன.

வெந்து சிவந்திருந்த என் கையை அம்மா விரித்துப் பார்த்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"வச்சதுதான் வச்ச, கொஞ்சம் மேல வச்சிருக்கக் கூடாதா? ரோட்டுலேர்ந்து தெரியவே இல்ல."

"அக்கா, ஈரம்! தொட்டுறாதீங்க!"

எதிர் வீட்டுப் பெண் கத்திய பிறகுதான் பார்த்தேன். என் கை என் தலைக்கும் மேலே உயர்ந்திருந்தது.