மாதேஸ்வரன் மலையை இரண்டு முறை ஏறியவர்கள்

மைசூர் விஜயநகரில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஒரு வேடிக்கை. ஐம்பதைத் தாண்டிய வங்கிக்காரரும் மருந்துக் கடைக்காரரும் தொடையை இறுக்கும் கால்சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார்கள். எங்கே என்று கேட்டால் எங்கேயும் இல்லை. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் மிதித்து, ஒரு காபி குடித்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவார்கள். எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் சைக்கிளில் போகிறவருக்கு வயலோ ரேஷன் கடையோ, போய்ச் சேர ஓர் இடம் இருக்கும். இங்கே வந்து பதினோரு வருடமாகியும் இந்த வழக்கம் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாமலே போன வருடம் நானும் சேர்ந்துவிட்டேன். சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் மிரட்டியது ஒரு காரணம், பக்கத்துத் தெரு ஷோபா விடாமல் நச்சரித்தது இன்னொன்று.

இந்தத் தடவை மாதேஸ்வரன் மலை. இருட்டோடு கிளம்பி, கொள்ளேகால் தாண்டி ஹனூர் வரை சைக்கிள்களை வேனில் ஏற்றி வந்து, அங்கிருந்து மிதித்து மலை அடிவாரத்துக்கு வரும்போதே என் முழங்கால் கெஞ்சியது. நான் பிறந்த ஊரில் மேடு என்றால் வாய்க்கால் மதகுதான். இங்கே ஒரு கொண்டை ஊசி வளைவு முடிந்தால் அடுத்தது தலைக்கு மேலே தெரிகிறது. வெறுங்காலோடு நடந்து வந்த பக்தர்கள், "உகே மாதப்பா" என்று மாதேஸ்வரனை வாழ்த்திக் கூவிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். மற்ற பத்துப் பேரும் முன்னால் போய்விட, ஷோபா மட்டும் எனக்காக ஒவ்வொரு வளைவிலும் நின்றாள். கடைசி ஆளைத் தனியே விடக் கூடாது என்பது எங்கள் குழுவின் ஒரே சட்டம். அவள் நிற்க நிற்க எனக்கு உடம்பு கூசியது.

யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பது இந்த ஊருக்கு வந்து நான் பழகிக்கொண்டது. காவிரிப் பிரச்சினை கிளம்பிய ஒரு சமயம், தமிழ்நாட்டு எண் போட்ட எங்கள் ஸ்கூட்டரை நானும் கணவரும் இரண்டு வாரம் போர்வை போட்டு மூடிவைத்திருந்தோம். யாரும் எங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் பேருந்தில் அம்மாவின் போன் வந்தால் எடுக்க மாட்டேன். இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டால் வம்பில்லை என்று நினைத்தேன், அதுவே குணமாகிவிட்டது.

"நீவு ஹோகி, பர்த்தீனி" என்று ஷோபாவிடம் சொன்னேன். நீங்கள் போங்கள், இதோ வருகிறேன். அவள் தயங்கித் தயங்கி அடுத்த வளைவுக்குப் போனாள். அந்த நேரம் தக்காளி ஏற்றிய மினி லாரி ஒன்று வந்தது. கை காட்டினேன். சைக்கிளை மேலே போட்டு, கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். வளைவில் ஷோபா தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்ப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மேலே கோயில் குழாயில் முகம் கழுவி, முக்கால் மணி நேரம் மறைவாக உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்ல ஏறி வந்துவிட்டேன் என்று பொய் சொல்வதாகத் திட்டம். எல்லாரும் கூடுவதாகச் சொன்ன டீக்கடைக்குப் போனால் ஒரு சைக்கிள் கூட இல்லை. கடைக்கார அம்மா என் தலைக்கவசத்தைப் பார்த்ததுமே எழுந்து வந்தார். தமிழ்நாட்டு எல்லைப் பக்கம்தான், தமிழிலேயே கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, எங்கீங்க போயிருந்தீங்க? உங்க ஆளுங்க பூராவும் உங்களத் தேடிக்கிட்டுக் கீழ எறங்கிட்டாங்க. ஆனை நடமாடற காடுங்க இது. கண்ணாடி போட்ட அந்தம்மா ஒரே அழுவாச்சி."

ஷோபாவைத்தான் சொல்கிறார். அவர்கள் இறங்கிப் போனது ஒரு அதிர்ச்சி. என் பாஷை பேசுகிற ஒருவர், கன்னடம் பேசும் பதினொரு பேரை உங்க ஆளுங்க என்று சொன்னது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. போன் போட்டேன். காட்டுப் பாதையில் சிக்னல் இல்லை. சைக்கிளைத் திருப்பி, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினேன்.

நாலாவது வளைவில் என் பெயர் கேட்டது. "கலா அவரே! கலா அவரே!" மருந்துக் கடை மஞ்சுநாத், சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்திராத மனிதர், ஓரச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து பள்ளத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். மற்றவர்கள் புதர்களை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேக்கை அழுத்தி நின்றேன். பதினோரு வருடம் நான் அடக்கி வாசித்த ஊரில், என் பெயரை ஒருவர் மலை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுகிறார்.

பொய் வாயில் வரவில்லை. லாரியில் போனதைச் சொன்னேன். ஷோபா ஓடி வந்து தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். மஞ்சுநாத்தின் முகம் சிவந்திருந்தது. "ஹேளக்கே ஏனாகித்து நிமகெ?" என்று கத்தினார். சொல்வதற்கு என்ன வந்தது உங்களுக்கு? இந்த ஊரில் என்னிடம் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள். திட்டு வாங்கியது அன்றுதான். அழுகையும் வந்தது, என்ன காரணமோ, கொஞ்சம் நிம்மதியும் வந்தது.

"நீங்க எல்லாரும் மேலே போங்க, நான் விட்ட இடத்திலிருந்து தனியா ஏறி வர்றேன்" என்று அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். எல்லாரும் சைக்கிளைக் கீழ்நோக்கித் திருப்பினார்கள். என்னோடு கீழே நான் லாரி ஏறிய வளைவு வரை வந்தார்கள். அங்கிருந்து பன்னிரண்டு பேரும், என் வேகத்தில், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறினோம். ஏறி முடித்தேன். அவர்களுக்கு அது இரண்டாவது முறை.

டீக்கடை அம்மா எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தந்தார். பெருமை தாங்காமல் அதை மன்னார்குடிக்கு அனுப்பினேன். அண்ணன் உடனே கூப்பிட்டார்.

"எல்லாம் அந்த ஊர்க்காரங்களாவுல்ல நிக்கிறாங்க. நீ எங்கம்மா இருக்க?"

"இருண்ணே, பாத்துச் சொல்றேன்" என்று படத்தைப் பெரிதாக்கினேன். பன்னிரண்டு மஞ்சள் சட்டை, பன்னிரண்டு தலைக்கவசம், பன்னிரண்டு கறுப்புக் கண்ணாடி. அண்ணன் காத்திருந்தார். எனக்கும் என்னை உடனே கண்டுபிடிக்க முடியவில்லை.